கூப்பிடு தூரம்

அரபு நாட்டில், தேராக் கடைத்தெருவில் கீழக்கரைக்காரர்கள் விற்காத சாமான் கிடையாது. துணி, கடிகாரம், மிளகு, ஏலக்காய் என்று ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். மீராசாவுக்கு வாய்த்தது துப்பாக்கி. ஓர் அரபி முதலாளியின் கடையில் பதினோரு வருஷமாக வேட்டைத் துப்பாக்கி விற்றுக்கொண்டிருந்தார். வேடிக்கை என்னவென்றால், மனுஷன் தன் ஆயுசில் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. ஆனால் எந்தத் துப்பாக்கி எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று அவரிடம் வாய் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான், கையில் இருக்கும் சாயா ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும்.

"ஊருக்குள்ள வச்சுக்கிறதுக்கா, மணலுக்குக் கொண்டு போறதுக்கா?" என்பதுதான் எப்போதும் அவருடைய முதல் கேள்வி.

ஊருக்குள் என்று யாராவது தமிழ் ஆள் சொன்னால், "வேணாம். நல்ல பூட்டா ஒண்ணு வாங்கிட்டுப் போங்க. வீட்டுல சண்டை வந்தா துப்பாக்கி கள்ளனைத் தேடாது, கண்ணு முன்னால நிக்கிறவனைத்தான் தேடும்" என்பார். விற்பனைக்கு நிற்கிறவன் பேசுகிற பேச்சா இது! முதலாளிக்குத் தமிழ் தெரியாதது அவர் பிழைப்புக்கு நல்லதாய்ப் போயிற்று.

மணலுக்கு என்று சொன்னால் யோசிக்கவே மாட்டார். இரட்டைக் குழல் ட்வெல்வ் போரை எடுத்து மேஜைமேல் வைப்பார். "பாலைவனத்துல துப்பாக்கி சுடுறதுக்கு இல்ல, கூப்பிடுறதுக்கு. வழி தப்பினவனுக்கு மூணு வெடி கேட்டுருச்சுன்னா அதுதான் அவனுக்கு ரோடு. சின்னத் துப்பாக்கி நரியை வெரட்டும். ஆளைக் கூப்பிடாது." இது கடைக்கு வந்துபோகும் பதூக்கள், அந்த மணலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அவருக்குச் சொன்னது. பதினோரு வருஷத்தில் அவர் இதைச் சொல்லாமல் விட்டது ஒரே ஓர் ஆளிடம்தான்.

அந்த ஆள் சேதுமாதவன். மதுரைக்காரர். மணலில் எண்ணெய் தேடும் ஒரு சர்வே கம்பெனியில் பர்ச்சேஸ் ஆபீசர். மனைவி ஷியாமளாவோடு தேராவிலேயே குடியிருந்தார். தாராளமான மனசு. மீராசாவின் மருமகன் கலீலுர் ரஹ்மானுக்கு லிவா மணல்வெளிப் பக்கத்துக் கேம்பில் ஸ்டோர் கீப்பர் வேலை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

இந்தக் கலீலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உழைப்பாளி, தொழுகை தவறாதவன், கைச்சுத்தம். ஆனால் கோபம் வந்தால் மூக்குக்கு மேலே வரும். கீழக்கரை வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். மாமனாரே ஆனாலும் மாப்பிள்ளையை "நீங்க" என்றுதான் பேச வேண்டும். அவர் கோபப்பட்டால் வீடே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். தேராவுக்கு வந்த பிறகும் மீராசாவால் அந்த மரியாதையைத் தாண்ட முடியவில்லை.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை லீவுக்கு வந்த கலீல், சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்: "தண்ணி லாரி டிரைவர் ஜாக்கிக் கம்பியைத் தூக்கிட்டு அடிக்க வந்தான் மாமா. ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் அவனைத் தீத்துக்கட்டிட்டுத்தான் மறுவேலை."

மீராசா மீன் சட்டியைத் தன் பக்கம் இழுத்தார். 'கோபத்தைக் குறைச்சுக்கங்க மாப்புள, என் மவளை நெனச்சுப் பாருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் அப்படிச் சொல்லும் வழக்கம் இல்லை. "இன்னும் கொஞ்சம் மீன் வச்சுக்கங்க" என்றார். அவ்வளவுதான் அவர் வாயில் வந்தது.

மறுநாளே சேதுமாதவன் கடைக்கு வந்து நின்றார். கையில் போலீஸ் பர்மிட்டும் மேனேஜர் எழுதிய சீட்டும்.

"கேம்புக்கு ஒரு துப்பாக்கி வேணுமாம் பாய். எதுன்னு என்னையே பார்த்து வாங்கச் சொல்லிட்டார். எனக்கு என்ன தெரியும்? எங்க வீட்டுல தீபாவளித் துப்பாக்கியைக்கூட என் தங்கைதான் வெடிப்பா. நான் காதைப் பொத்திக்கிட்டு நிப்பேன்."

மீராசா சிரித்தார். உள்ளே சிரிப்பு வரவில்லை. கேம்பில் நாற்பது ஆண்கள், ஒரே ஒரு தண்ணீர் லாரி, தலைக்கு மேலே அந்த வெயில். ஜாக்கிக் கம்பி இருந்த இடத்தில் இனிமேல் துப்பாக்கி இருக்கப் போகிறது. ஒன்று மாப்பிள்ளை சுடுவார், இல்லை மாப்பிள்ளையைச் சுடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் அறுந்து விழப் போவது மகள் அஸ்மத் பீவியின் கழுத்துக் கருகமணிதான். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை.

இரட்டைக் குழலையும் ஒரு சின்னத் துப்பாக்கியையும் மேஜைமேல் வைத்தார். சேதுமாதவனின் கை பெரியதன் பக்கம்தான் போயிற்று.

"அது உதைக்கும் சார், தோள்பட்டை செவந்துரும்" என்றார் மீராசா. "ஒருத்தனைப் பார்த்து வெடிச்சா பக்கத்துல நிக்கிற நாலு பேரு மேலயும் பாயும். கேம்புல எல்லாரும் கோபக்காரங்க. உங்களுக்குத் தெரியாததா?"

கை பின்வாங்கியது.

"இது பாயிண்ட் டூ டூ. தோட்டாவே சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். நரி கிரி வந்தா ஓடிரும். எடுக்கிறது உங்க இஷ்டம் சார். நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

இதுதான் அவருடைய தொழில் நயம். பொருளை அவர் தள்ளிவிட மாட்டார். வாங்குகிறவரே தேடி எடுத்த மாதிரி இருக்கும், எடுத்ததில் ஒரு பெருமையும் இருக்கும்.

"இதே போதும் பாய்" என்றார் சேதுமாதவன். "இதால யார் உசிருக்கும் ஆபத்து வராதில்ல?"

"வராது சார்."

கூப்பிடுவதைப் பற்றி மீராசா மூச்சு விடவில்லை. மறந்து போனார் என்று நினைக்காதீர்கள். வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. மென்று விழுங்கிவிட்டார். அதைச் சொன்னால் சேதுமாதவன் பெரியதைத்தான் எடுப்பார் என்று அவருக்குத் தெரியும். ஒரு பெட்டித் தோட்டாவையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். மகளின் வாழ்க்கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று அன்றைக்கு மனசு லேசாக இருந்தது. பாவி மனுஷன், சந்தோஷமாகவே இருந்தார்.

ஏழு வாரம் கழித்து, ஜூன் கடைசியில், தூசிக்காற்று கிளம்பியது. துளை போடும் இடத்திலிருந்து கேம்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிக்கப் வண்டி மணலில் புதைந்துகொண்டது. வண்டியில் இரண்டே பேர், கலீலும் ஜாக்கிக் கம்பியைத் தூக்கிய அந்தத் தண்ணி லாரி டிரைவரும். வண்டியை விட்டு நகரக் கூடாது என்று டிரைவர் சொன்னான். சொன்னது அவன் என்பதாலேயே கலீலுக்கு ஏறிவிட்டது. "நீ கெட, அஞ்சு மைல் நடக்க எனக்குத் தெரியும்" என்று இறங்கி நடந்தான். டிரைவர் வண்டியிலேயே உட்கார்ந்து பிழைத்துக்கொண்டான். கலீலை மூன்றாம் நாள் காலையில்தான் கண்டெடுத்தார்கள்.

தேராவுக்குக் கொண்டுவந்து, குளிப்பாட்டி, தொழவைத்து அடக்கினார்கள். மீராசா முகத்தைப் பார்த்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. ஊருக்குத் தந்தி கொடுத்ததும் அவர்தான். அதில் என்ன எழுதினார் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.

நாலாம் நாள் சேதுமாதவன் கடைக்கு வந்தார். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை. மீராசா கொண்டுவந்து போட்ட நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"தேடுறதுக்கு நானும் போயிருந்தேன் பாய். வழி தப்பினவங்களுக்கு வெடி போடுவாங்களாமே, எனக்கு அங்க போய்த்தான் தெரிஞ்சுது. இருந்த அம்பது தோட்டாவையும் ஒண்ணொண்ணா வெடிச்சோம். காத்துல எங்க காதுக்கே அது சொடக்குப் போட்ட மாதிரிதான் கேட்டுது."

மீராசா நாற்காலியை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினார்.

"மஹ்மூதுன்னு ஒரு பதூ வந்து கால்தடம் பார்த்தார். ரெண்டாம் நாள் சாயங்காலம் காத்து நின்னுடுச்சு. அதுக்கப்புறம் பதிஞ்ச தடம் அப்படியே இருக்கு. கலீல் நம்ம கேம்பைப் பார்த்துத்தான் நடந்து வந்திருக்கான் பாய். கேம்புக்கு ஒண்ணரை மைல் கிட்ட வரைக்கும் வந்துட்டான். அந்த நேரத்துல கேம்புல நாங்க வெடிச்சுக்கிட்டே இருக்கோம். அவன் நின்னிருக்கான். சுத்திப் பார்த்திருக்கான். அப்புறம் எதிர்ப்பக்கமா திரும்பி நடந்துட்டான்." சேதுமாதவன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "குருவி சுடுற இந்தத் துப்பாக்கியை யார் வாங்கினதுன்னு மஹ்மூது கேட்டார். நான்தான்னு சொன்னேன். காறித் துப்பிட்டுப் போயிட்டார். அவர் துப்பினதுல தப்பே இல்ல. நீங்க பெரிசையும்தான் எடுத்து வச்சீங்க. நான்தான் பயந்துக்கிட்டு சின்னதை எடுத்தேன். உங்க மருமகனை நான் கொன்னுட்டேன் பாய்."

அப்படியே இரண்டு கையையும் கூப்பினார். மீராசாவால் அதைத் தாங்க முடியவில்லை. பாய்ந்து அந்தக் கைகளைப் பிடித்துப் பிரித்தார்.

"சார், நீங்க எடுக்கல. நான் எடுக்க வச்சேன். மணலுக்குப் பெரிய சத்தம்தான் வேணும்னு எனக்குத் தெரியும். வாரவன் போறவன்கிட்டல்லாம் சொல்லுவேன். உங்ககிட்ட வேணும்னே மறைச்சேன். மாப்புள கோபக்காரரு, கேம்புல பெரிய துப்பாக்கி இருந்தா யாராவது யாரையாவது சுட்டுருவாங்கன்னு பயந்து, நான்தான் உங்க கையைத் திருப்பிவிட்டேன். அல்லாஹ் மேல ஆணை சார்."

சேதுமாதவன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். பிறகு விசும்பி விசும்பி அழுதார்.

"மருமகனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறீங்க. அதுல எனக்கு ஆறுதல் சொல்றதுக்காக என் பழியை உங்க தலையில தூக்கிப் போட்டுக்கிறீங்களே பாய். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?"

மீராசா திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மையைச் சொல்லச் சொல்ல அந்த மனிதரின் கண்ணில் இவர் உயர்ந்துகொண்டே போனார். என்ன கொடுமை! பதினோரு வருஷம் மற்றவர்களை நம்பவைத்தே பிழைத்தவரால், அன்றைக்கு ஒரே ஒருவரை நம்பவைக்க முடியவில்லை. அடுத்த மாதமே சேதுமாதவன் வேலையை விட்டுவிட்டு மதுரைக்குப் புறப்பட்டார். ஏர்போர்ட்டிலும் மீராசா போய் நின்று அதையே ஆரம்பித்தார். "போதும் பாய், விட்டுடுங்க. அவர் சாப்பிட்டே எத்தனையோ நாளாச்சு" என்று ஷியாமளா அழுத கண்ணோடு தடுத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் மகளின் கடிதம் வந்தது. ஊரிலிருந்து வந்த காதர் மைதீன் கொண்டுவந்து கொடுத்தார். அஸ்மத் பீவி இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளியாள் முகம் பார்க்காமல் அறைக்குள் இருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்து எழுதியிருந்தாள்.

"வாப்பா, நான் அவுஹ முகத்தைக்கூடப் பாக்கல. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் எழுதுங்க. அவுஹளைத் தேடினாஹளா? கூப்பிட்டுப் பாத்தாஹளா? இல்ல, கோபக்காரன்தானே, தொலையட்டும்னு விட்டுட்டாஹளா? உம்மா கேக்க வேணாங்குறாஹ. எனக்குக் கேக்காம இருக்க முடியல."

மீராசா அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. ரூமில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். "தேடினாஹ மவளே. ரெண்டு நாளும் ஓயாம கூப்பிட்டாஹ. அம்பது வெடி போட்டாஹ" என்று எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கையெழுத்துப் போட்டு ஒட்டியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவள் கேட்டதற்குப் பதில் அதில் இருந்தது.

ஆனால் மகளை அவருக்குத் தெரியும். அம்பது வெடி போட்டும் அவுஹளுக்கு ஏன் கேக்கல என்று அடுத்த கடிதத்தில் கேட்பாள். கேட்காவிட்டாலும் அந்த அறைக்குள் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அவருக்கு இருந்தது. சேதுமாதவன் நம்பவில்லை. ஜமாத்தில் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள், துக்கத்தில் பிதற்றுகிறார் என்பார்கள். வாப்பா சொன்னால் அப்படியே நம்புகிற ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அவளிடமும் சொல்லாவிட்டால் இந்த உண்மை எங்கேயும் இல்லாமல் போய்விடும், பழி அந்த மதுரைக்காரர் தலையிலேயே கிடக்கும்.

எழுதினார். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை சொன்னது, தான் சொல்லாமல் விட்டது, இரண்டு துப்பாக்கி, சேதுமாதவனின் கை, ஒன்றரை மைல் எல்லாவற்றையும் எழுதினார். "அவுஹளைக் கூப்பிட முடியாத துப்பாக்கியை நான்தான் கொடுத்தேன். ஒன் வாழ்க்கை நெலைக்கணும்னு நெனச்சுத்தான் கொடுத்தேன்" என்று முடித்தார். தபாலில் போட்டுவிட்டு வந்து படுத்தவர் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

பதில் வர ஆறு வாரமாயிற்று. அஸ்மத் பீவியின் குண்டு குண்டான கையெழுத்து. பாதித் தாள்தான் இருந்தது.

"வாப்பா, உங்க லெட்டர் கிடைச்சுது. நீங்க எழுதினதெல்லாம் நான் நம்புறேன். அவுஹ கோபத்தைப் பார்த்து நானும் பயந்திருக்கேன். நீங்க எனக்காகத்தான் செஞ்சீஹன்னும் தெரியும். உங்க மேல எனக்குக் கோபம் இல்ல வாப்பா. ஆனா கொஞ்ச நாளைக்கு எனக்கு லெட்டர் எழுதாதீஹ. உங்க கையெழுத்தைப் பாத்தா, அவுஹ திரும்பி நடந்து போறதுதான் கண்ணுல தெரியுது."

மீராசா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகள் சொன்ன சொல்லை மீறவில்லை. மாதாமாதம் மனைவி ஜுலைஹா பீவிக்கு மட்டும் எழுதினார். அதிலும் மகளைப் பற்றி ஒரு வரி விசாரிக்கக் கை வரவில்லை. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அஸ்மத் எழுதவில்லை. அதைக் கேட்பதற்கும் அவளுக்கு ஒரு கடிதம்தான் எழுத வேண்டும்.