ஒரு பக்கமே மோதிய அடுப்பு

மேலைக்கடலின் விளிம்பில் உருக்கிய செம்பென ஞாயிறு இறங்கிக்கொண்டிருந்த பொழுதில், கரையென ஒன்று இருந்ததையே மறந்தாற்போல் நாற்றிசையும் விரிந்துகிடந்த நீர்ப்பரப்பின் நடுவே, வயிறு கொள்ளுமட்டும் கோதுமையைக் குவியலாய்ச் சுமந்து, பாய்கள் புடைக்க ஒரு மரக்கலம் சென்றுகொண்டிருந்தது. வானில் ஒரு பறவையும் இல்லை. காற்று மட்டும், தேடிவந்தவன் கதவைத் தள்ளுவதுபோல், வலப்புறமிருந்து ஓயாது தள்ளிக்கொண்டிருந்தது.

கற்றோரே, ஒன்றனுள் ஒன்றாய்ப் பொருத்தி, ஒன்று முன்னும் பின்னும் மற்றொன்று இடமும் வலமும் அசையுமாறு அமைத்த இரு பித்தளை வளையங்களின் நடுவே திசைகாட்டியைத் தொங்கவிடுவது கடலோடிகள் வழக்கம். கலம் எப்படிச் சாய்ந்தாலும் அது மட்டும் சாயாது. அத்தகைய திசைகாட்டியின் முன் நின்ற கலத்தலைவன், அதன் முள் அசையாதிருத்தல் கண்டு உள்ளம் அமைந்திருந்தான். கீழே அடுக்களையில், அவ்வாறே முளைகளில் தொங்கிய அடுப்பின்முன் நின்ற அவன் மனைவிக்கோ அமைதியில்லை. அதன் அடிப்பாகம் இடச்சுவரில் மோதுவதும், விலகுவதும், மீண்டும் அங்கேயே மோதுவதுமாக இருந்தது. அவள் மேலேறி வந்தாள்.

"என்னங்க, காலையில இருந்து இதே காத்துதான் அடிக்குது. காத்து கூடல, சாய்வு மட்டும் கூடிக்கிட்டே போகுது."

அவன் முள்ளை விடுத்து வளையத்தை நோக்கினான். வெளிவளையம் தன் சட்டத்தினின்று ஒரு கை அகலம் விலகி நின்றது. அலை கடந்தபின்னும் அது மீளவில்லை. கீழே சரக்கு இடப்பக்கம் சரிந்துவிட்டதென அவன் உணர்ந்தான்.

சரக்கின் பொறுப்பு அவள் தம்பியுடையது. அழைத்து வினவியபோது, புறப்படும் விரைவில் சரக்கு ஒருபக்கம் சரியாதிருக்கச் சரக்கறையை இரண்டாய்ப் பிரிக்கும் நடுத்தடுப்பின் பலகை ஒன்றை அடிக்காமல் விட்டதை அவன் தலைகுனிந்து ஒப்புக்கொண்டான். அவ்விடைவெளி வழியே கோதுமை மெல்ல மெல்ல இடப்பக்கம் ஒழுகிக் குன்றெனக் குவிந்திருந்தது. ஆட்களோடு அவனே கீழிறங்கி அதை வலப்பக்கம் வாரத் தொடங்கினான். அவர்கள் பாதியும் வாரி முடிக்குமுன், வலப்புறத்துக் கீழ்வானில் கருமுகில் ஒன்று கடலைத் தொட்டுக்கொண்டு எழுந்தது. அப்புயற்காற்று வலப்புறம் தாக்கின் கலம் கவிழும்; திருப்பி இடப்புறம் வாங்கினாலோ, கலம் நிமிரும், ஆயின் குவிந்த கோதுமையெல்லாம் ஒருங்கே வலப்பக்கம் பாய்ந்து அங்கு நிற்பவரை மூடும்.

எல்லாரும் மேலேறுமாறு தலைவன் ஆணையிட்டான், ஏறினர். தம்பி மட்டும் ஏறவில்லை.

"ஒரு பலகைதான் மாமா, அடிச்சுட்டு வந்துடறேன்," என்ற குரல் இருளிலிருந்து வந்தது.

அவள் சரக்கறையின் வாயிலில் மண்டியிட்டுக் கைநீட்டி அவனை அழைத்துக்கொண்டேயிருந்தாள். முகில் நெருங்கியது, நீர் கறுத்தது, பாய்கள் ஒருகணம் தளர்ந்து பின் வெடிப்பதுபோல் விம்மின. சுக்கான் பிடித்தவனை விலக்கிவிட்டுத் தலைவன் தானே அதைத் திருப்பினான், அப்பழியைப் பிறன் கையில் வைக்க விரும்பாதவனாய். கலம் நடுங்கி நிமிர்ந்தது. கீழே பெருமழை பெய்தாற்போன்ற ஓர் ஓசை எழுந்து, நெடிதாய் ஒலித்து, ஓய்ந்தது. சுத்தியலின் ஒலியும் அதனோடு ஓய்ந்தது.

விரல்நுனியில் குருதி கசிய அவளும் ஆட்களும் தோண்டினர். அவனைக் கண்டபோது மூச்சு நின்றிருந்தது; உடல் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது.

துறைமுகம் சேர்ந்த நாளில், அத்தனை உயிரையும் காத்தவன் எனக் கரையிலுள்ளார் தலைவனைக் கைகூப்பி வணங்கினர். அவன் ஒருவரையும் ஏறிட்டுப் பாராது வீட்டை அடைந்து, அவள் எதிரில் அமர்ந்து, தான் செய்தது சரிதானா என்று கேட்டான்.

அவள் தன் ஆறாத விரல்நுனிகளை நோக்கினாள்.

"சரிதாங்க," என்றாள். "ஆனா இன்னொரு தடவை என்கிட்ட அதைக் கேக்காதீங்க."

அவன் பின் ஒருநாளும் கேட்டிலன். தவறு செய்தோர்க்கு வருந்தித் தீர்க்கவேனும் வழியுண்டு. சரியானதைச் செய்து அன்பினை இழந்தோர்க்கு அதுவும் இல்லை. அவ்விருவரும் ஒரு கூரையின்கீழ், ஒருவர்மேல் ஒருவர் குறைசொல்ல ஏதுமின்றி, நெடுங்காலம் வாழ்ந்திருந்தனர்.