பாதுகாப்பு நிமிடம்

...படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதைச் சொன்னால் போதும், இரண்டு நிமிடம் ஓடிவிடும், லூசியானா ஆலைகளில் எந்தக் கூட்டமும் 'பாதுகாப்பு நிமிடம்' சொல்லாமல் தொடங்காது, எல்லோரும் கைப்பிடி, ஷூ கயிறு என்று எதையாவது சொல்லிக் கழித்துவிடுவோம், செத்தவர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை... இந்த முதலாண்டுப் பிள்ளைகளுக்கும் அதுவே போதாதா? வேதிப் பொறியியல் என்றால் என்ன என்று அறிமுகம் செய்யத்தானே என்னைக் கூப்பிட்டார்கள், வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது பேரும் எந்தத் துறை என்று எழுதிக்கொடுக்க வேண்டுமாம். வாசலிலேயே துறைத்தலைவர் ரஸல் ஃபான்டெனோ மடக்கினார். "கிளாடெட், பயமுறுத்துற கதையெல்லாம் வேணாம், ப்ளீஸ். போன வருஷமே பாதிப் பேர் கம்ப்யூட்டர் பக்கம் ஓடிட்டானுங்க." கதையாம்... எங்கள் ஆலையில் ஆல்சீட் ரோமெரோ என்ற மனிதன் செத்தது இவருக்குக் கதை.

சோப்பு, பெயின்ட், பெட்ரோல், எல்லாம் நாங்கள் செய்வதுதான் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னேன், வாய் வலித்தது, முன்வரிசையில் டெலேனி என்கிற பெண் கையைத் தூக்கினாள். "மேடம், உங்க ஆலையில யாராவது செத்திருக்காங்களா?" பின்னாலிருந்து ஒருவன், "ஏய், வந்ததுமே பொணம் கேக்குறியா?" என்றான், ஒரே சிரிப்பு. இல்லை என்று சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லவில்லை? சொல்லத் தொடங்கிவிட்டேன், ஒரு தொட்டி, உள்ளே நைட்ரஜன், வாசனை கிடையாது, ஆக்சிஜன் இல்லாமல் அதை மட்டும் சுவாசித்தால் இரண்டே மூச்சில் ஆள் காலி, ஆள் இறங்குவதற்கு முன் நைட்ரஜன் வரும் வால்வு மூடியிருக்கிறதா என்று இன்ஜினியர் நேரில் போய்ப் பார்த்துத்தான் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். "இன்ஜினியர் ஒருத்தர் போய்ப் பாக்கல. கம்ப்யூட்டர் திரையில மூடினதா காட்டுச்சு, போட்டுட்டாரு." ஒருத்தர், போட்டுட்டாரு... ஒன்பது வருடமாக எவ்வளவு வழுக்கலாக வருகிறது இந்த 'ஒருத்தர்'. "அவரு என்ன ஆனாரு மேடம்?" பாதுகாப்புப் பிரிவுக்கு மேலாளராகப் போட்டார்கள் என்றேன். வகுப்பே சிரித்தது, ரஸலும் சிரித்தார், உண்மையைச் சொன்னால் எவ்வளவு நல்ல நகைச்சுவை! டெலேனி மட்டும் சிரிக்கவில்லை. "வால்வு ரொம்ப தூரமா?"

"எண்பது காலடி. அப்புறமா எண்ணிப் பாத்தேன்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது, ரஸல் போனிலிருந்து தலையைத் தூக்கினார், வெள்ளிக்கிழமை, நாற்பது பேர், போகட்டும், எல்லாம் போகட்டும்... டெலேனியின் குரல் தாழ்ந்தது. "நீங்க ஏன் போகல, மேடம்?" பதில் தயாராக இருக்கிறது, விசாரணையில் சொன்னதுதான், ஆல்சீடின் மனைவியிடம் சொன்னதும் அதுதான், எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் அதுதான். "அன்னைக்குச் சரியான மழை" என்றேன். சொல்லும்போதே திறந்தவெளியில், தொட்டி வாயருகே அன்று கிடந்த ஆல்சீடின் ஹெல்மெட் கண்ணுக்குள் வந்தது, நான்தான் குனிந்து எடுத்தேன், விரல் பட்ட இடம் தடமாகப் பதிந்தது... அதன் மேல் தூசி இருந்தது, காய்ந்த தூசி.