சிரிப்பதற்கு ஐந்து பேர் தேவை

செவித்திறன் பரிசோதகர்கள் சங்கத்தின் செயலாளரம்மாவுக்கு ஒரு விஷயம் மட்டும் பிடிபடவே இல்லை. வெள்ளிக்கிழமை செயற்குழுவில், எல்லோரும் பேட்டரி என்று கூப்பிடும் மூத்த உறுப்பினர் ஒரு கதை சொன்னார். மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பொருளாளர் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை, மாநாட்டுக்கான இணையவழி ஒத்திகையில், அதே கதையை, அதைக் கேட்டே இராத தொண்டர்களுக்கு, அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். ஒரு சத்தமும் இல்லை. திரையில் முகங்கள் சிறு சிறு கட்டங்களாக உட்கார்ந்திருந்தன. கட்டங்களுக்குள் பல் தெரிந்தது. ஆனால் சிரிப்பு வரவில்லை.

கதை மோசமான கதையும் இல்லை. மனைவி ஒருத்தி கணவனைக் காது சோதனைக்குக் கூட்டி வருகிறாள். சோதித்துப் பார்த்தால் காது கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஒரு குறையும் இல்லை. அந்த ஆள் மனைவியை வெளியே அனுப்பிவிட்டுப் பரிசோதகரின் கையைப் பிடித்துக்கொள்கிறார்: "சார், கொஞ்சம் குறைவுன்னு எழுதிக் குடுங்க. இருபது வருஷமா அப்படித்தான் சொல்லிச் சமாளிச்சுட்டு வர்றேன்."

பேட்டரி என்பது அவருக்குச் சங்கம் வைத்த பெயர். காதுக் கருவிக்குள் போடும் பேட்டரி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும், இவர் மட்டும் தீர்வதில்லை என்பதால் வந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் காதுப் பிரிவில் வேலை. சங்கத்தின் ஆண்டு மாநாட்டை எப்போதும் அவர்தான் தொகுத்து வழங்குவார். ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் நடுவே அவர் சொல்லும் கதைகளுக்காகவே வருகிற உறுப்பினர்கள் பாதிப் பேர். இந்த வருடம் மாநாட்டைத் திரையில் வைப்பது என்று முடிவாகியிருந்தது. தனியாளாகக் கிளினிக் நடத்துபவர்கள் கடையைப் பூட்டிவிட்டு வர முடிவதில்லை, அவர்களும் ஒருமுறை கலந்துகொள்ளட்டுமே என்று யோசனை சொன்னதும் பேட்டரிதான்.

ஒத்திகை முடிந்த கையோடு போன் செய்தார்.

"செயலாளரே, என்னை விட்டுடுங்க."

"என்னண்ணே ஆச்சு?"

"கிணத்துல கல்லைப் போட்டாக்கூட டொப்புன்னு ஒரு சத்தம் வரும். எனக்கு அதுவும் வரலை."

"எல்லாரும் சிரிச்சாங்கண்ணே. நானே சிரிச்சேன்."

"நீங்க சிரிப்பீங்க. சிரிக்கிறது உங்க பதவியோட சேர்த்தி. செவிடன் காதுல ஊதின..." என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். அந்தப் பழமொழியைச் சங்கத்தில் யாரும் வாயில் எடுக்கக்கூடாது என்று ஒரு தீர்மானம் உண்டு. முன்மொழிந்தவர் அவர்.

"தீர்மானத்தையே மீறுற அளவுக்குப் போயிட்டீங்களா?"

"பாத்துக்குங்க, என் நிலைமையை." சிரிக்காமல்தான் சொன்னார். "இல்லம்மா, நிஜமாவே சொல்றேன். ஆளுக்கு ஒரு காலம். எனக்கு முடிஞ்சுபோச்சு போல. அழைப்பிதழ் புதன்கிழமைதானே போகுது? என் பேரை எடுத்துட்டு டாக்டரைப் போட்டுடுங்க."

சங்கத்து டாக்டர் நல்ல மனிதர். ஆனால் அவர் பேச ஆரம்பித்தால், கருவி போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார்கள். கருவி போடாதவர்களுக்கு அந்த வசதியும் இல்லை. செயலாளர் கவலைப்பட்டது அதற்காக அல்ல. இத்தனை வருடத்தில் பேட்டரியின் குரலில் சார்ஜ் குறைந்து அவள் கேட்டதே இல்லை. இந்த மனிதர் இப்படியே ஒதுங்கினால் மாநாட்டோடு நிற்காது, வெள்ளிக்கிழமை மேஜையிலும் வாயைத் திறக்கமாட்டார்.

அன்று மாலை அவளுடைய மாமியார் மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே சொன்னார்: "உங்க பேட்டரி என்னமா பேசுறாரு. சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"நீங்க எப்ப கேட்டீங்க அத்தை?"

"நல்லா இருக்கே. நீ லேப்டாப்பை வச்சிட்டு உட்கார்ந்திருந்தே, நான் பின்னாடிதானே துணி மடிச்சிட்டிருந்தேன்? நான் சிரிச்சதுக்கு, 'அத்தை, கொஞ்சம் மெதுவா'ன்னு நீதானே சொன்னே."

செயலாளர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். சொன்னது ஞாபகம் வந்தது. மாமியாரின் சிரிப்பு சாதாரணச் சிரிப்பல்ல. அவர் சிரித்தால் எதிர்வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்பார்கள். அந்த நேரம் மற்றவர்கள் மைக்கை அணைத்திருந்தாலும், கூட்டத்தை நடத்தியவள் என்பதால் அவளுடைய மைக் திறந்தே இருந்தது. அப்படியானால் அந்தச் சிரிப்பு பேட்டரியின் காதுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. யாரும் ஏன் சிரிக்கவில்லை என்று இவ்வளவு நேரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டிய கேள்வி அதுவே இல்லை. சிரித்தார்களே, அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று?

திங்கட்கிழமை காலையில் தன் கிளினிக்கைத் திறந்து, வழக்கம்போல முதல் வேலையாக ஹெட்போனை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். இது அந்தத் தொழிலின் பழக்கம். முதல் நோயாளி வருவதற்கு முன் பரிசோதகர் கருவியைத் தன் காதிலேயே வைத்துக் கேட்பார். தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி, இடது, வலது. ஒயரைக் கொஞ்சம் ஆட்டிப் பார்ப்பார், கரகரவென்று ஏதாவது வருகிறதா என்று. காரணம் சுலபம். ஒயர் பழுதாகி இருந்தால், நல்ல காதையும் கெட்ட காது என்று எழுதிவிடுவோம். ஒலி போய்ச் சேரவில்லை என்றால் குற்றம் காதில்தான் என்று நினைக்கக்கூடாது.

ஒயரை ஆட்டிய கை அப்படியே நின்றது. பேட்டரி விஷயத்தில் அவள் ஒயரைப் பார்க்கவே இல்லை.

மதிய இடைவேளையில் அச்சுவைக் கூப்பிட்டாள். அச்சு என்பவன் காதின் அளவெடுத்து அச்சு வார்த்துக் கொடுப்பவன். மாநாட்டின் கம்ப்யூட்டர் வேலைகளையும் தொண்டாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை ஒத்திகையைப் பதிவு பண்ணினியே, கதை முடியற இடத்தை மட்டும் போடு."

இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாக ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். "...சமாளிச்சுட்டு வர்றேன்" என்று பேட்டரியின் குரல். பிறகு வெறுமை. பஞ்சை அடைத்த மாதிரி வெறுமை. அதன் நடுவில், மணிமணியாக, செயலாளரின் குரல்: "அத்தை, கொஞ்சம் மெதுவா." மறுபடி வெறுமை.

"அக்கா," என்றான் அச்சு, "அண்ணன் உயிரைக் குடுத்துக் கதை சொல்லியிருக்காரு. பதிலுக்கு அவருக்குக் கேட்டது இது ஒண்ணுதான்."

"வார்த்தை வந்திருக்கு, சிரிப்பு வரலை. ஒரே வாசல்தான், ஒண்ணை விட்டிருக்கு, ஒண்ணை நிறுத்தியிருக்கு. சத்தம் அடக்குற வசதியை எதுல வச்சிருக்கோம்?"

"உச்சத்துல. நீங்க அனுப்புன சுற்றறிக்கையில அப்படித்தானே இருந்துச்சு?"

இருந்தது. அவளே எழுதினாள்: எல்லோரும் மைக்கை அணைத்து வைக்கவும், பேசுகிறவர் பின்னணிச் சத்தத்தை அடக்கும் வசதியை உச்சத்தில் வைக்கவும். செயற்குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது. காதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்குச் சத்தம் என்றால் பகை. சுவருக்குப் பஞ்சு ஒட்டிய அறையில், கடிகாரத்தைக்கூட வெளியே மாட்டிவிட்டு வேலை செய்கிறவர்கள். வேறு எந்தச் சங்கமும் மாநாட்டை இவ்வளவு சுத்தமாகத் துடைத்து வைத்திருக்காது.

அந்த வசதி எப்படி வேலை செய்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காதுக் கருவிக்குள்ளும் அதே வித்தைதான். இயந்திரத்துக்குப் பேச்சின் பொருள் தெரியாது, வடிவம்தான் தெரியும். பேச்சு என்பது ஏறும், இறங்கும், அசைக்கு அசை மூச்சுவிடும். அந்த வடிவத்தில் வருவதை உள்ளே விடும். வராததை, அது மின்விசிறியோ மிக்ஸியோ தெருவில் போகிற லாரியோ, அமுக்கிவிடும். சிரிப்பில் வார்த்தை இல்லை. குபீரென்று மொத்தமாக வந்து விழுகிறது. இயந்திரம் பார்த்தது, மாமியாரை மிக்ஸியோடு சேர்த்தது.

"அப்ப எல்லாரும் மைக்கைத் திறந்துட்டு, இதை அணைச்சுட்டாப் போச்சு," என்றான் அச்சு.

மறுநாள் மாலை தொண்டர்களைக் கூட்டிச் செய்து பார்த்தார்கள். பேட்டரிக்குச் சொல்லவில்லை, அவர் கதையை அச்சு படித்தான், மருந்துச் சீட்டு படிக்கிற குரலில். முதல் வரி முடிவதற்குள் ஒரு வீட்டில் நாய் குரைத்தது. அதைக் கேட்டு இன்னொரு வீட்டு நாய் பதில் சொன்னது. யாரோ பல் துலக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சுவின் குரல் ஒவ்வொரு வீட்டு ஸ்பீக்கரிலிருந்தும் வெளியே வந்து, அந்தந்த வீட்டு மைக்குக்குள் நுழைந்து அவனிடமே திரும்பியது. ஒரு வார்த்தை சொன்னால் ஏழெட்டு அச்சு பேசினார்கள்.

"கல்யாண மண்டபத்துல கரண்ட் போன மாதிரி இருக்கு," என்றார் பொருளாளர். அவர் சொன்னதும் ஏழெட்டு முறை வந்தது.

செயலாளர் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தாள். எல்லோரும் ஹெட்போன் மாட்டியதும் எதிரொலி நின்றது. கதவைச் சாத்த முடியாதவர்களின் மைக்கை அணைத்ததும் நாய்கள் போயின. ஒரே ஒருவர் மட்டும் சிரித்தபோது கேலி செய்கிற மாதிரி இருந்தது. இருவர் சிரித்தால் அவர்களுக்குள் ஏதோ பேசிக்கொள்வது போல. ஐந்து பேர் சேர்ந்தபோதுதான் அது ஒரு கூட்டத்தின் சிரிப்பாக ஆனது. அதற்கு மேல் சேர்த்தால் இரைச்சல்.

ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பது லேசில்லை. அவளுடைய கணவர் முன்வந்தார். அவர் சிரித்தால் தோள் குலுங்கும், சத்தம் வராது.

"உங்க தோள் சிரிக்கிறது மைக்ல வராதுங்க."

"உள்ளுக்குள்ள பயங்கரமா சிரிக்கிறேன்டி."

"அது எனக்குத் தெரியும். மைக்குக்குத் தெரியாது."

பொருளாளரை எடுத்தார்கள், டீ குடிக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. அச்சுவும் இரண்டு தொண்டர்களும் சேர்ந்தார்கள். ஐந்தாவது ஆள் பக்கத்து அறையிலேயே இருந்தார்.

"நான் உங்க சங்கத்துல உறுப்பினர் இல்லையேம்மா," என்றார் மாமியார்.

"சிரிக்கிறதுக்குச் சந்தா கிடையாது அத்தை. வாங்க."

புதன்கிழமை காலை, அழைப்பிதழை அனுப்புவதற்கு முன், செயலாளர் பேட்டரியைக் கூப்பிட்டாள். "அண்ணே, காதுல ஒரு கோளாறும் இல்லை. ஒயர்ல இருக்கு. ஒரே ஒரு கதை சொல்லுங்க. அதுக்கப்புறமும் பேரை எடுன்னா எடுத்துடறேன்."

அவர் அரைமனதாகத் திரைக்கு வந்தார். தலைகூடச் சரியாக வாரவில்லை. கதையைச் சொன்னார். "...சமாளிச்சுட்டு வர்றேன்" என்றார். ஒரு கணம் எதுவும் வரவில்லை. அந்த ஒரு கணத்தில் அவர் முகம் சுருங்கியது. பயத்தில் அவசரமாக அடுத்த வரிக்குத் தாவினார். சரியாக அப்போதுதான் சிரிப்பு வந்து சேர்ந்து, அவர் பேச்சின் மேலேயே விழுந்தது. இரண்டும் முட்டிக்கொண்டன. அவர் குழம்பி நிறுத்திவிட்டார்.

"பாத்தீங்களா? வேணாம்னு சொன்னேனே."

"அண்ணே, போகாதீங்க, இருங்க," என்றாள் செயலாளர். இந்த ஒன்றை அவள் யோசித்திருக்கவில்லை. ஆனால் பார்த்ததும் புரிந்துவிட்டது. "உங்க குரல் எங்ககிட்ட வரணும். நாங்க சிரிக்கணும். அந்தச் சிரிப்பு திரும்ப உங்ககிட்ட வரணும். போக ஒரு பயணம், வர ஒரு பயணம். ஒரே ரூம்ல உடனே கேக்குறது, இதுல ஒரு மூச்சு தள்ளித்தான் கேக்கும். நீங்க அதுக்குள்ள ஓடிடுறீங்க. பக்கத்துல தண்ணி இருக்கா?"

"இருக்கு."

"வேற ஒரு கதை சொல்லுங்க. முடிச்சதும் ஒரு வாய் தண்ணி குடிங்க. முழுங்கின பிறகு பேசுங்க."

"நாள் முழுக்கக் கதை சொல்லணும். அத்தனைக்கும் தண்ணி குடிச்சா நான் நடுவுல எழுந்து ஓடணும், செயலாளரே."

"சின்ன டம்ளரா வைங்க."

பேட்டரி டம்ளரைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். "ஒருத்தர் கருவி வாங்கிட்டுப் போனார். ஒரு மாசம் கழிச்சு வந்தார். எப்படி இருக்குன்னேன். ரொம்ப உபயோகம்ங்க, அதுலயும் கூடக் குடுத்தீங்களே ஒரு டப்பா, அதுதான் பிரமாதம்னார். ஏன்னேன். வீட்டுல சண்டை ஆரம்பிச்சதும் என் காதை அதுக்குள்ள பத்திரமா வச்சிடறேன்னார்."

டம்ளரை எடுத்தார். வாயில் வைத்தார். குடித்தார்.

முதலில் பொருளாளரின் சிரிப்பு வந்தது. அதன் மேல் அச்சுவின் சிரிப்பு ஏறியது. தொண்டர்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாம் அடங்கி முடிகிற சமயத்தில், ஐந்தாவது சிரிப்பு ஒன்று தனியாக எழுந்து, மற்ற நால்வரையும் மறுபடி கிளப்பிவிட்டது. பேட்டரி டம்ளரை உதட்டிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது.

"யாரு அது, கடைசியா?" என்றார்.

"என் மாமியார்ண்ணே."

"அன்னிக்கு மெதுவா, மெதுவான்னு நீங்க அதட்டினது இவங்களையா?"

"ஆமா."

"இனிமே அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க." குரலில் சார்ஜ் ஏறியிருந்தது. தலைமுடியைக் கையால் கோதிச் சரிசெய்துகொண்டார். "அழைப்பிதழ்ல என் பேரை எடுத்துட்டீங்களா?"

"எடுக்கவே இல்லை."

"டாக்டர்கிட்ட?"

"சொல்லவே இல்லை."

"உங்களை எவன் செயலாளர் ஆக்கினான்," என்றார்.

"முன்மொழிஞ்சது நீங்கதான்."

அவர் வெற்று டம்ளரை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க உள்ளே போனார். திரையில் அவர் எழுந்துபோன கட்டத்தைப் பார்த்தபடியே செயலாளர் பழைய சுற்றறிக்கையைத் திறந்து, சத்தம் பற்றிய பகுதியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்:

பார்வையாளர்கள் மைக்கை அணைத்து வைக்கவும். சிரிப்பதற்கு ஐந்து தொண்டர்கள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போன் மாட்டி, சத்தம் அடக்கும் வசதியை அணைத்து, மைக்கைத் திறந்து வைத்திருப்பார்கள். தொகுப்பாளர் ஒவ்வொரு கதை முடிந்ததும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, சிரிப்பு வந்து சேர்ந்த பிறகு, அடுத்ததைப் பேசுவார்.