ஆறு மார்க் வெண்டல்

கடல் ராணியாக வருகிறவள் நிஜமாகப் பாடுகிறாளா, வாயை மட்டும் அசைக்கிறாளா என்று ஒன்பது வருஷமாகச் சண்டை போடும் நான்கு பேரில் நானும் ஒருத்தி. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஆர்லாண்டோவில் கேளிக்கைப் பூங்காவுக்கு வருஷ பாஸ் வாங்கிக்கொண்டு, ஒரு ராட்டினத்தில்கூட ஏறாமல், ஒரே மேடைக் காட்சியை வாரத்துக்கு மூன்று தரம் பார்க்கிற ஜனங்கள் நிறையப் பேர் உண்டு. குளம் பார்த்த அரங்கத்துக்கு வெளியே, ப்ரெட்சல் என்கிற உப்பு ரொட்டி விற்கும் கடைக்குப் பின்னால் குடை போட்ட மேஜை எங்களுடையது. காட்சி முடிந்ததும் அங்கே உட்கார்ந்து மார்க் போடுவோம். பத்து விரல், பத்து மார்க். ரோண்டா குச்சியில் செருகிய போனில் அதை நேரலையாக விடுவாள்.

சேனல் ரோண்டாவுடையது. வாயும் அவளுடையதுதான். டஸ்டி நீச்சல் குளத்துக்கு மருந்து விற்கிறவன். கடைசியாகப் பேசியது யாரோ, அவர் கட்சிதான் அவன். நான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறேன், அதனால் கோடை முழுக்க எனக்கு வேலை இதுதான். நான்காவது ஆள் வெண்டல் ஸ்ட்ராட். இன்சூரன்ஸ் கம்பெனியில் இடிபட்ட கார்களைச் சுற்றிவந்து எவ்வளவு குறைத்துக் கொடுக்கலாம் என்று பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்ற மனுஷன். மேடையையும் அதே கண்ணால்தான் பார்ப்பார். இத்தனை வருஷத்தில் எந்த ராணிக்கும் அவர் ஆறுக்கு மேல் தூக்கியதில்லை. அதனாலேயே அவருக்கு மவுசு. 'வெண்டல் கையால் ஆறு வாங்கினேன்' என்று அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு வந்து அவரோடு படம் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் அவருக்கு ஒரு நாய்கூடக் கிடையாது. இங்கே அவர் ஒரு ஆள்.

எங்கள் பேச்சு எப்படி இருக்கும் என்றால் இப்படித்தான் இருக்கும்.

"பழைய ராணி அலை மேல நின்னு பாடுவா. இவளை படிக்கட்டுல நிறுத்திட்டாங்க. அலையை எங்கய்யா காணோம்?" என்பாள் ரோண்டா.

"காத்து அடிச்சா அலையை நிறுத்திடுவாங்க. பாதுகாப்பு," என்பான் டஸ்டி.

"காத்தா? என் தலைமுடி ஒண்ணு அசையலை. மேல இருக்கற கணக்குப்பிள்ளை தும்மினா அதுக்குப் பேரு காத்து."

"ஆமா, அதுவும் சரிதான்."

"டால்பின் ஆட்டத்துல பதினோரு பேர் ஆடினாங்க, இப்ப ஆறு பேரு. மத்த அஞ்சு பேரை சுறா தின்னுடுச்சா?" இது நான்.

வெண்டல் எலுமிச்சை ஜூஸை உறிஞ்சிவிட்டுக் கடைசியில் வாயைத் திறப்பார். "ரெண்டாவது சரணத்துல அவ பாடலை. தொண்டை அசையலை. டேப்பு." அதோடு தீர்ப்பு. நேரலைக்குக் கீழே நூறு பேர் ஆமாம் போடுவார்கள்.

மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. மேடையில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் மேஜையில் இடம் கிடையாது. போட்டவர் வெண்டல்தான். பாலின் என்றொரு பெண் எங்களோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அக்கா மகன் மத்தளக் கோஷ்டியில் சேர்ந்த அன்றைக்கே, "நாற்காலியை விட்டுடு பாலின், உன் விரலை இனிமே நம்ப முடியாது" என்றார். அவள் அழுதாள். அவர் ஜூஸிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஜூன் மாதம் புது ராணி வந்தாள். பெயர் டெலேனி வாஸ். தற்காலிகம்தான் என்றார்கள். முதல் வாரம் முழுக்க வெண்டல் அவளைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. நாலு, நாலு, நாலு என்று விரலைக் காட்டிவிட்டு ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது.

ஒரு நாள் காலை வண்டி நிறுத்துமிடத்தில் என் காருக்குப் பக்கத்தில் வெண்டலுடைய பிக்கப் வண்டி நின்றது. கண்ணாடி இறங்கியிருந்தது. உள்ளே அவரும் அந்தப் பெண்ணும். நான் கீழே குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்ததால் என்னை அவர்கள் பார்க்கவில்லை.

"மூணு வாரமா மேடையில நிக்கறேன்பா. ஒரே ஒரு தடவை, 'இது என் பொண்ணு'ன்னு அவங்ககிட்ட சொல்லேன்."

"கொஞ்சம் பொறுத்துக்கோ. அவங்களா உன்னைக் கொண்டாடட்டும். அப்புறம் சொன்னா கௌரவமா இருக்கும்."

"எனக்கு மார்க் வேண்டாம்பா. நீ சொன்னா போதும்."

"இந்த வாரம் சொல்றேன். போ, நேரமாச்சு."

அவள் இறங்கிப் போனாள். போகும்போது அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். அம்மாவோடு வளர்ந்த பெண், அம்மா பெயரைப் போட்டுக்கொண்டவள், இந்த மனுஷனைத் தேடி ஒரு வருஷம் முன்னால்தான் வந்திருக்கிறாள் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. விட வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. எங்கள் ஆட்களுக்கு ஒரு நடிகையின் பூனை எந்த டாக்டரிடம் போகிறது என்பதே தெரியும். அப்பா யாரென்று தெரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? ரோண்டா அந்தப் பெண்ணுடைய அம்மாவின் இணையப் பக்கத்தில் பழைய பிறந்தநாள் படம் ஒன்றைத் தோண்டி எடுத்துவிட்டாள். முழுத் தலைமுடியோடு வெண்டல், மடியில் ஒரு குழந்தை.

"சத்தம் போடாதீங்க," என்று எனக்கும் டஸ்டிக்கும் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களை. "என்ன பண்றாருன்னு பார்ப்போம்."

"பாவம், விட்டுடேன்," என்றேன்.

"பாலினை விட்டாரா?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மதியம் வழக்கம்போல இடி இடித்தது. அரை மணி நேரம் எல்லாரையும் கூரைக்கு அடியில் நிறுத்திவைத்து, ஈரத்தைத் துடைத்து, காட்சியை ஆரம்பித்தார்கள். டெலேனி பச்சைச் செதில் உடையில் படிக்கட்டில் வந்து நின்றாள். இரண்டாவது சரணத்தில், வெண்டல் எப்போதும் 'டேப்பு' என்று சொல்கிற அதே இடத்தில், இசை பட்டென்று நின்றுவிட்டது. மொத்தமும் போயிற்று. நீரூற்று அடங்கியது, விளக்கு செத்தது, டால்பின்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அவள் மைக் மட்டும் உயிரோடு இருந்தது.

அவள் நிறுத்தவில்லை. ஒரு கணம் கண்ணை மூடினாள், அவ்வளவுதான். பிறகு வெறும் தொண்டையால் பாடினாள். அழுதுகொண்டிருந்த குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டன. மேல் சுரத்துக்குப் போய் அங்கேயே நின்றாள். ஒன்பது வருஷத்தில் நான் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அரங்கம் முழுக்க எழுந்து நின்று கத்தியது. நானும் கத்தினேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். வெண்டல் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

சரி, இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கல்லும் கரைகிற மாதிரியான பாட்டு அது.

மேஜைக்கு வந்தோம். ரோண்டா போனை நட்டாள். அன்றைக்கு அரங்கத்தில் நடந்தது அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. பார்க்கிற கூட்டம் ஏறிக்கொண்டே போனது.

"எப்பவும் எல்லாரும் ஒண்ணா விரல் காட்டுவோம்," என்றாள் ரோண்டா கேமராவைப் பார்த்து. "இன்னிக்கு அப்படி வேண்டாம். நம்ம பெரியவர் முதல்ல காட்டட்டும். வெண்டல், பத்தா? வாழ்க்கையில ஒரு தடவையாவது பத்து போட்டுடுவீங்களா?"

"அவசரப்படுத்தாதே."

"ஏன் தயங்கறீங்க? அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன மாமியாரா?"

டஸ்டி ஜூஸைத் துப்பிவிட்டான். வெண்டல் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் எதையோ மோப்பம் பிடித்துவிட்டோம் என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும். அதிகமாகப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இடிபட்ட கார் கணக்கு. கையை மேஜைக்கு மேலே கொண்டுவந்தார். மூன்று விரல்.

"மூணா!" என்று ரோண்டா கூவினாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மேல போறப்ப சுருதி இறங்கிடுச்சு," என்றார் வெண்டல். "இசை நின்னதும் பயந்துட்டா. ஜனங்க கைதட்டினது பரிதாபத்துக்கு. பாட்டுக்கு இல்ல."

இசையே இல்லாத இடத்தில் எதற்கு எதிராகச் சுருதி இறங்கியது என்று நான் கேட்டிருப்பேன். அதற்குள் டஸ்டி, "ஆமா, கொஞ்சம் இறங்கின மாதிரிதான் இருந்தது," என்று நாலு விரலைக் காட்டிவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து விரலையும் அவர்கள் மூக்குக்கு நேரே விரித்தேன்.

"நோரீன் இளகிட்டாங்கப்பா," என்று என்னைக் காட்டிச் சொன்னாள் ரோண்டா. பிறகு எங்களுக்குப் பின்னால் பார்த்துக் கையை ஆட்டினாள். "வா, வா கண்ணு! உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்!"

திரும்பினேன். டெலேனி அரைக்கால் சட்டையில், ஈரத் தலையோடு, காதோரம் பச்சைச் சாயம் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். ரோண்டா அவளுக்குச் செய்தி அனுப்பி வரச் சொல்லியிருக்கிறாள். 'இன்றைக்கு உன் அப்பா எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறார், காட்சி முடிந்ததும் மேஜைக்கு வா.' அதை நம்பி அந்தப் பெண் ஓட்டமாக வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது. சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று தெரியவில்லை, ஆனால் அந்தச் சிரிப்பு ஏற்கெனவே கொஞ்சம் கோணிப்போயிருந்தது.

"வெண்டல், பொண்ணு நேரா வந்துட்டா. மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க, பார்ப்போம்," என்றாள் ரோண்டா.

டெலேனி அவரையே பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை. 'என் பொண்ணு', இரண்டு சொல் போதும். பேருந்தில் நான் ஏற்றி இறக்குகிற ஐந்து வயசுக் குழந்தைக்குக்கூட அந்த இரண்டு சொல் தெரியும்.

வெண்டல் தொண்டையைச் செருமினார். "மூணு போட்டிருக்கேன், மிஸ். மேல் சுரம் நிக்கலை. தப்பா எடுத்துக்காதீங்க."

மிஸ்! எனக்கு அவர் ஜூஸை எடுத்து அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது.

"பரவாயில்ல, சார்," என்றாள் டெலேனி. குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "அந்த இடத்துக்கு முன்னாடியே மூச்சை எடுத்துக்கணும்னு எங்கப்பா சொல்லிக் கொடுத்தாரு. எடுத்துக்கிட்டுதான் பாடினேன்."

"உங்கப்பா இன்னிக்குப் பார்த்தாரா?" என்று ரோண்டா தேன் ஒழுகக் கேட்டாள்.

டெலேனி இன்னும் ஒரு நொடி அவருக்குக் கொடுத்தாள். அவர் மேஜையில் இருந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க. அவர் வரலை," என்றாள். எங்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த காட்சிக்கு மேக்கப் போட வேண்டும் என்று போய்விட்டாள்.

ரோண்டா அவள் மறையும்வரை பொறுத்தாள். பிறகு பைக்குள்ளிருந்து அந்தப் பிறந்தநாள் படத்தின் பிரதியை எடுத்து வைத்தாள், படம் கேமராவுக்குத் தெரியாதபடி கையால் மூடிக்கொண்டு.

"வெண்டல், சொந்தக்காரங்க சட்டம் யாரு போட்டது?"

"நான்தான். அதுக்கென்ன இப்ப?"

"டெலேனி உங்க பொண்ணு."

"உளறாதே," என்றார் அவர் உடனே. "அந்தப் பொண்ணே சொன்னாளே, அவ அப்பா வரலைன்னு. நீயும் கேட்டுக்கிட்டுதானே இருந்தே?"

நான் பல ஈனத்தனத்தைப் பார்த்திருக்கிறேன். பெற்ற பெண் மனசு நொந்து சொன்ன வார்த்தையையே எடுத்துத் தன் நாற்காலிக்கு முட்டுக்கொடுத்த ஆளை அன்றுதான் பார்த்தேன். ரோண்டா கையை எடுத்தாள். படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். போனில் எழுத்துகள் மழை மாதிரி விழுந்துகொண்டிருந்தன. யாரோ சிரிப்புப் பொம்மை போட்டார்கள், அதைப் பார்த்து எல்லாரும் போட்டார்கள்.

"நாற்காலியை விட்டுடுங்க," என்றாள் ரோண்டா. "உங்க விரலை இனிமே நம்ப முடியாது."

"நான் மூணுதானே போட்டேன்," என்றார் வெண்டல். "ரோண்டா, மூணுதானே போட்டேன்!"

"அதான்யா நம்ப முடியலை."

அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். நாற்காலி கவிழ எழுந்து, அரங்கத்துக்குப் பின்னால் இருக்கிற பணியாளர் கதவை நோக்கி ஓடினார். அந்த வயசுக்கும் அந்த வெயிலுக்கும் அது ஓட்டம்தான். ரோண்டா குச்சியைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று நானும் போனேன்.

கதவில் காவலுக்கு நின்ற பையன் கையை நீட்டி மறித்தான். "பணியாளர் மட்டும்தான் சார்."

"டெலேனியைப் பார்க்கணும். நான் அவ அப்பா." உரக்கச் சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னார். "நான் அவ அப்பா, டெலேனியோட அப்பா!"

காவல்காரன் எரிச்சல்கூடப் படவில்லை. "வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வர்றாங்க சார். போன வாரம் ஒருத்தர் அண்ணன்னாரு."

வெண்டல் போனைத் தடவி ஒரு படத்தை எடுத்து நீட்டினார். அவரும் அவளும், கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு, அதே பிக்கப்பின் முன் இருக்கையில்.

"இந்தப் பார்க்ல அந்தப் பொண்ணோட படம் எடுத்துக்காதவங்க யாருமே இல்லை சார்," என்றான் அவன். "இப்பதான் அழுதுக்கிட்டே உள்ள போச்சு. ப்ரெட்சல் மேஜைக்காரங்க யாரு வந்து என்ன சொன்னாலும் விடாதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. தள்ளி நில்லுங்க, சாமான் வண்டி வருது."