சகாயமேரி காபி விட்ட தவக்காலம்

“இன்னாமே, ஆட்டிக்கினே கீற? மனுசன் தூங்க வேணாமா?”

“காலைல பத்து மணிக்குத் தூங்கறவன் மனுசனா? எங்க ஊட்டு ஆட்டுக்கல்லு, நான் ஆட்டுவேன்!”

எண்பத்தாறில், அண்ணனூரில், ஒரே சுவரைப் பங்கு போட்ட இரண்டு குடித்தனங்கள். கத்தியது செங்கல்வராயன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை, அந்த வாரம் நைட். பதில் கொடுத்தவள் பக்கத்து வீட்டுச் சகாயமேரி. தெருவே ஜன்னலோரம் நின்று கேட்டது. கேட்காதவள் எதிர்வீட்டு வனஜா ஒருத்திதான். அவளும் அன்று ஊரில் இல்லை.

வீட்டுக்காரர் பக்தவத்சலம் வந்துவிட்டார். “இன்னொரு தபா சத்தம் கேட்டா, ரெண்டுல ஒரு குடித்தனம் காலி பண்ணணும்.”

சகாயமேரி கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாத வீடுகளில் எல்லாம் அழுது முடித்து, கடைசியாகக் கிடைத்த நல்ல தண்ணீர்க் கிணறு இது.

மறுநாள் காலை அவள் கையிலிருந்து அண்டா நழுவியது. செங்கல்வராயன் வெளியே பாய்ந்தான். சுடச்சுட ஒரு பதில் அவள் நாக்கில் தயார். கிணறு ஞாபகம் வந்தது, வாயை மூடினாள். வாய் சும்மா இருந்ததால் கண்ணுக்கு வேலை கிடைத்தது. முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

“கண்ணு இன்னா அண்ணாத்தே இப்பிடிச் செவந்துகீது? தூங்கவே இல்லியா?”

திட்ட வந்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். “எங்க மேரிம்மா தூங்கறது? ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பகல்ல அடுப்பாட்டம் கீது.” பிறகு அவனும் அவளை உற்றுப் பார்த்தான். “ஆமா, நீ இன்னாத்துக்குக் கொஞ்ச நாளா வள்ளுனு விழற?”

உள்ளிருந்து அவன் பெண்டாட்டி அங்கம்மா: “தவக்காலம்னு சாம்பல் புதன்லேர்ந்து காபிய உட்டுட்டாங்கல்ல! தலவலி அவுங்களுக்கு, காதுவலி நமக்கு!”

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சகாயமேரியின் புருஷன் ராயப்பன் சிரித்தான். சகாயமேரிக்குச் சுருக்கென்றது. உண்மைதான், இயேசுவுக்காகக் காபியை விட்டவள், பால்காரனைக்கூட விட்டுவைக்கவில்லை.

அன்று சாயங்காலமே காபி குடித்தாள். அதற்குப் பதில் வேறொரு ஒறுத்தலை, அதாவது தவக்கால விரதத்தை, எடுத்துக்கொண்டாள்: நாக்கில் முதலில் வரும் பதிலை விழுங்கிவிட்டு, இரண்டாவதை மட்டும் பேசுவது. காபியை விடுவது எவ்வளவோ தேவலை என்று புலம்பினாள். மாவாட்டுவது, செங்கல்வராயன் வேலைக்குப் போனபிறகு என்றானது. ராயப்பன் வேலை முடிந்து நேராக வீட்டுக்கே வர ஆரம்பித்தான். ஈஸ்டர் முடிந்தும் அவள் அந்த ஒறுத்தலை விடவில்லை.

காலி பண்ணவைக்கும் பாக்கியம் பக்தவத்சலத்துக்கு வாய்க்கவேயில்லை. செங்கல்வராயனும் அங்கம்மாவும் பிற்பாடு திருமழிசையில் சொந்தமாகக் கட்டிக்கொண்டு போனார்கள், ஓட்டுக் கூரையாகப் பார்த்து. சகாயமேரியின் மகள் ஞானகுமாரியைப் பூந்தமல்லியில் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பையனின் படிப்பை அளந்துகொண்டிருந்தபோது, சகாயமேரி குறுக்கே கேட்டாளாம்:

“அது கெடக்கட்டும். பையனுக்கு நைட் ஷிப்ட் உண்டா? காபி குடிப்பாரா?”