மிளகாய் போடுவதற்கு முன்

என் மகன் கஜீபன் பதினேழு நாள் வாயைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். அந்த அடம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் எங்கள் ரப்பர்த் தோட்டமே என்னைக் கைகாட்டும். காட்டட்டும்.

ஆறு மாதம் முடிந்த அன்றைக்கே அவனுக்குச் சோறு கொடுக்கத் தொடங்கினேன். எங்கள் தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் ஷிப்னா மிஸ் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"தனியா ஒண்ணும் ஆக்க வேணாம் புள்ள. வீட்டுல எல்லாரும் திங்கிற சோறு, பருப்பு, கீரைதான். மொளகா போடுறதுக்கு முன்னால அவனுக்கு ஒரு கரண்டி எடுத்து வச்சுட்டாப் போதும்."

"சரிங்க மிஸ்" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் எல்லாரும் என்றால் யார்? லயம் என்கிற வரிசை வீட்டில், எங்கள் காம்பராவில் நானும் அவனும்தான். அவன் அப்பா கிருஷாந்த் கட்டாரில் வேலை செய்கிறார். பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் தீட்டுக் கழித்த மறுவாரம் விமானம் ஏறியவர். இரண்டு வருட ஒப்பந்தம்.

அவர் போன பிறகு பெரிய சட்டியை நான் அடுப்பில் ஏற்றவே இல்லை. ஒற்றை ஆளுக்குச் சோறு எதற்கு, கறி எதற்கு? விடியுமுன் ரொட்டி தட்டி, மிளகாயும் வெங்காயமும் வைத்துக் கட்டச் சம்பல் இடித்து, ஒன்றை நின்றபடியே தின்றுவிட்டு இன்னொன்றைக் கட்டிக்கொண்டு ரப்பர் மலைக்குப் பால் வெட்டப் போய்விடுவேன். பொழுதுபட்டாலும் அதே சம்பல்தான். நாக்கு எரியும், சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

நின்றுகொண்டு தின்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது வாசல் நிலையை ஒட்டிய ஒரு முழ இடத்தில்தான். அவர் வேலை முடித்துக் கூப்பிடும் நேரமும் நான் ரொட்டியைக் கையில் எடுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும். அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குக் கண் நிறைந்துவிடும்.

"என்ன சுதா, அழுறியா?"

"இல்லங்க, சம்பல் காரம்."

"மொளகாயக் கொறச்சுப் போடேன்."

"நீங்க வந்து இடிங்க, கொறையும்."

அவர் சிரிப்பார். மாதக்கணக்காய் எல்லாப் பழியையும் மிளகாயே சுமந்துகொண்டிருந்தது.

கஜீபனுக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில் அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்து, மசித்து, மடியில் இருத்தி ஊட்டினேன். காக்காயைக் காட்டினேன். பக்கத்துக் காம்பராக் கோழியைக் காட்டினேன். கெஞ்சினேன், திட்டவும் செய்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு என் முகத்தையே பார்ப்பான். தப்பித்தவறி உள்ளே போனதும் நாடி வழியாக வெளியே வந்துவிடும்.

கிளினிக்கில் நிறுத்தபோது எடை ஏறவில்லை. கார்டில் அதுவரை மேலே போன கோடு படுத்துவிட்டது. "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதுறதுதான்" என்றார் மிஸ். அவன் அப்பா வரும்போது பிள்ளையை இளைக்கவிட்டு என்ன முகத்தோடு நிற்பேன்?

வியாழக்கிழமை மிஸ் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பிள்ளைக்காம்பராவுல விஜயகலா கையால நாலு வாய் வாங்குறானாமே?"

பிள்ளைக்காம்பரா என்பது நாங்கள் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். விஜயகலா அங்கே பார்த்துக்கொள்பவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவள் கையில் இல்லாத என்ன ருசி அவள் கையில் இருக்கிறதாம்?

மிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனார். பெரிய சட்டி கவிழ்ந்து கிடந்தது. விளிம்பில் ஒட்டடை.

"நீ எதுல திங்கிற?"

சம்பல் கிண்ணத்தைக் காட்டினேன்.

"அனே, புள்ள! அங்க பத்துப் புள்ளைங்க சுத்தி உக்காந்து திங்குது. அதுகளப் பாத்து இவனும் வாயத் தொறக்கிறான். இங்க யாரப் பாத்துத் தொறப்பான்? நீ உக்காந்து சோறு திங்கிறத அவன் ஒரு நாளாவது பாத்திருக்கானா?"

நான் கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டது அவன் அப்பா புறப்பட்ட அன்று மத்தியானம். அவசரத்தில் அவர் தட்டில் மிச்சம் வைத்த சோற்றை நான் தின்று முடித்தேன். அதன் பிறகு எதிரே அவர் இல்லாமல் ஒரு தட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை. இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அதனால்தான் ரொட்டி, சம்பல் என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நல்ல மழை, பால்வெட்டு இல்லை. பெரிய சட்டியைத் தேய்த்துக் கழுவினேன். சோறு வடித்து, பொன்னாங்காணியைச் சுண்டி, தேங்காய்ப்பால் விட்டுப் பருப்பு வைத்தேன். மிளகாய் போடுவதற்கு முன் அவனுக்கு ஒரு கரண்டி எடுத்தும் வைத்தேன். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார். அதனால் பாயை வாசல் நிலையோரம் இழுத்துப் போட்டு இரண்டு தட்டோடு உட்கார்ந்தேன்.

சின்னத் தட்டை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் ஒரு வாய் வைத்ததுமே கையை என் தட்டுக்குள் விட்டான். மிளகாய்க் கையோடு கண்ணைக் கசக்குமுன் பிடித்துக் கழுவிவிட்டேன். துரை என் தட்டில் இருப்பதைத்தான் தின்பாராம்! சரி, போகட்டும் என்று அந்தப் பருப்பை மூடிவைத்துவிட்டுப் புதிதாக வேகவைத்தேன். இந்த முறை மிளகாய்ப் போத்தலைத் தொடவே இல்லை.

ஒரே தட்டு. நான் ஒரு வாய் தின்றேன். என் வாயையே பார்த்தான். நான் மென்றால் அவனும் வெறும் வாயை மென்றான். அடுத்த பிடியை நான் தூக்கியபோது அவன் வாய் தானாகத் திறந்தது. வைத்தேன். விழுங்கினான். இரண்டு, மூன்று. ஒன்பது வாய் எண்ணினேன்.

அப்போது போன் அடித்தது. செம்பில் சாய்த்து வைத்தேன்.

"அட, சோறா! உக்காந்து சாப்பிடுறியா நீ? ஏய், பய திங்கிறான் பாரு!"

அந்தச் சிரிப்பு அப்படியே என் எதிரில் பாயில் உட்கார்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்ன சுதா, அழுறியா?"

வாய் பழக்கத்தில் சம்பல் என்று சொல்லப் போயிற்று. தட்டைப் பார்த்தேன். வெள்ளைச் சோறு, மஞ்சள் பருப்பு, கொஞ்சம் கீரை.

"ஆமாங்க, அழுறேன். இன்னைக்குக் காரமே இல்ல. நீங்கதான் இல்ல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளில் கண்ணைத் துடைத்தார்.

"இங்க ஒரே புழுதிக் காத்து புள்ள" என்றார்.

அவருக்குப் பின்னால் அறை ஜன்னல் சாத்தியிருந்தது. கஜீபன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான்.