கோப்பு வெளியே இருக்கிறது

“உங்க கடுதாசி வந்துடுச்சும்மா. திங்கக்கிழமையே வந்துடுச்சு. தீர்ப்போட பிரதி தயாராகிட்டு இருக்கு. உங்க கடுதாசியையும் கோப்புல சேத்தாச்சு.”

தொலைபேசியின் மறுமுனையில் இருந்த நீதிமன்ற அலுவலகப் பெண்மணி இதை ஒரு நற்செய்தியாகத்தான் சொன்னார். ஜனெல் வாவ்ராவுக்கோ அது அப்படிப் படவில்லை.

“கடுதாசியையா? அத எதுக்குக் கோப்புல வெச்சீங்க?”

“எதுக்குன்னா? ஒரு வழக்கப் பத்தி எந்தத் தாள் வந்தாலும் அந்த வழக்கோட கோப்புலதான் போகும். இந்த ஆபீஸ்ல என்னிக்கும் அப்படித்தான்.”

“அந்தக் கோப்ப யார் வேணாலும் கேட்டுப் பாக்கலாமா?”

“விவாகரத்துக் கோப்பு பொது ஆவணம்தானேம்மா. கேட்டா காட்டித்தான் ஆகணும்.”

ஜனெல் நன்றி சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். வைத்த பிறகும் கையை அதிலிருந்து எடுக்கவில்லை.

ஒன்பது ஆண்டுகளாக அவள் இருக்கும் ஊர் எதுவென்று முன்னாள் கணவன் ரோட்னி டெர்ப்ஸ்ட்ராவுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காக அவள் தொலைபேசி விவரப் புத்தகத்தில் பெயர் கொடுக்கவில்லை. தேவாலயத்தின் உறுப்பினர் பட்டியலில் சேரவில்லை. தன் சொந்தத் தங்கையின் திருமணத்துக்குக்கூடப் போகவில்லை. கார்க் கதவில் வைத்து அவன் நசுக்கிய சுண்டுவிரல் கோணலாகவே சேர்ந்துகொண்டது. பிரிந்து வந்த அன்று, “எங்க போனாலும் தேடி வருவேன், அவசரமில்ல” என்று அவன் சிரித்துக்கொண்டே சொன்னது அந்த விரலைக் காட்டிலும் அதிகமாக வலித்தது. அப்படிப்பட்டவள் இப்போது தன் கையாலேயே, கடிதத்தின் தலைப்பில் ஒரு முறை, பதில் உறையின்மேல் ஒரு முறை, ஓட்டுநர் உரிமத்தின் நகலில் ஒரு முறை என்று முகவரியை எழுதி, அவன் குடியிருக்கும் பிரெய்டன் மாவட்டத்துக்கே அனுப்பியிருக்கிறாள்.

வேறு வழியும் இருக்கவில்லை. செவிலியர் படிப்பை முடித்துவிட்டாள். தேர்வு எழுதுவதற்குப் பழைய படிப்புச் சான்றிதழ்களில் உள்ள கணவன் வீட்டுப் பெயரும் உரிமத்தில் உள்ள பெயரும் ஏன் வேறுபடுகின்றன என்று செவிலியர் வாரியம் கேட்டது. முதலில் மாநிலத் தலைநகருக்கு எழுதினாள். அங்கிருந்து வந்த சான்று, இன்னார் இன்னாரை விட்டுப் பிரிந்தார் என்பதோடு நின்றுவிட்டது. பிறந்த வீட்டுப் பெயரைத் திருப்பித் தந்த வாசகம் தீர்ப்பில்தான் இருக்கும். தீர்ப்போ, திருமணம் நடந்த ஊரிலும் இல்லை, இப்போது வாழும் ஊரிலும் இல்லை, வழக்கு நடந்த மாவட்டத்தின் நீதிமன்றத்தில்தான் இருக்கும். ஆகவே இருவரின் முழுப்பெயர், பிரிந்த ஆண்டு, வழக்கு எண், உரிமத்தின் நகல், தபால்தலை ஒட்டிய உறை என்று நீதிமன்றத்தின் விதிமுறைத் தாள் கேட்ட அனைத்தையும் வரிசை பிசகாமல் அனுப்பினாள். கேட்பவரின் கடிதமும் கோப்புக்குள் குடியேறிவிடும் என்று அந்தத் தாள் சொல்லவில்லை.

கடிதத்தை எப்படியாவது கோப்பிலிருந்து மீட்க, மறுநாள் விடிவதற்கு முன்பே புறப்பட்டாள். அக்டோபர் மாதம், இருபுறமும் அறுவடைக்குக் காய்ந்து நிற்கும் மக்காச்சோளம். பிரெய்டன் எல்லைக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, சாலையோரப் பள்ளத்துச் சேற்றை அள்ளி எண்பலகையின் அடிப்பகுதியில் அப்பினாள். அயோவா மாநிலத்தில் எண்ணுக்குக் கீழே வண்டிக்காரரின் மாவட்டத்தின் பெயரும் இருக்கும். லூத்தரன் தேவாலயத்துக்குப் பின்புறம் நிறுத்திவிட்டு, தலைக்குட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்கு நடந்தாள்.

எழுத்தர் அலுவலகத்தின் முகப்பில் ஆர்டித் கோன் அமர்ந்திருந்தார். அறுபதை நெருங்கிய பெண்மணி. மேசையில் இருந்த பென்சில்கள் யாவும் ஒரே திசையைப் பார்த்துக் கிடந்தன. கோப்பைக் கேட்டு ஜனெல் எழுதிக் கொடுத்த மஞ்சள் சீட்டைப் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“நேத்து போன் பண்ணது நீங்கதானா? தபால்லயே வந்திருக்குமே, எதுக்கு இவ்வளவு தூரம்?”

“கோப்ப ஒரு தடவ பாக்கணும்மா.”

“பாருங்க, உங்க கோப்புதானே. ஒரு கோப்பு, ஒரு ஆள், அதான் இங்க சட்டம். நீங்க முடிச்சு என் கையில குடுக்குற வரைக்கும் வேற யாருக்கும் கிடையாது. தாள உருவக் கூடாது, கோடு போடக் கூடாது, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது.”

“மாட்டேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்று சொல்லிக்கொண்டே ஆர்டித் அவளை உள்ளறைக்கு அழைத்துச் சென்றார். முகப்புக்கும் அந்த அறைக்கும் இடையே சொரசொரப்பான கண்ணாடி பதித்த கதவு ஒன்று இருந்தது. அதன் வழியே ஆட்களின் முகம் தெரியாது. உருவம் மட்டும் நிழலாகத் தெரியும்.

கோப்பு மெல்லியதாக இருக்கும் என்று ஜனெல் நினைத்திருந்தாள். குழந்தை இல்லை, நிலம் இல்லை, வழக்காட எதுவும் இல்லாத வழக்கு. ஆனால் ஆர்டித் மேசைமேல் வைத்தது தலையணைபோல் உப்பியிருந்தது.

மேலாக அவளுடைய கடிதம். அதன் கீழே மஞ்சள் சீட்டு. அதன் கீழே இன்னொரு மஞ்சள் சீட்டு. அதன் கீழும் அதுவே. கோப்பைப் பார்க்க விரும்புவோர் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது; வழக்கைப் பற்றிய தாள் என்பதால் அதுவும் கோப்புக்குள்ளேயே சேர்க்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் சாய்ந்த அதே கையெழுத்து. ரோட்னி டெர்ப்ஸ்ட்ரா. ரோட்னி டெர்ப்ஸ்ட்ரா. செப்டம்பர், ஆகஸ்ட், ஜூலை. அவள் தாள்களைப் புரட்டப் புரட்ட ஆண்டுகள் பின்னோக்கிப் போயின, சீட்டு நிற்கவில்லை. அவன் அவளைத் தேடி ஊர் ஊராக அலையவில்லை. என்றைக்காவது ஒருநாள் அவளே இந்தக் கோப்புக்கு எழுதுவாள் என்று காத்திருந்தான்.

“இவரு...” என்று தொடங்கினாள். சீட்டைத் தொட்டுக் காட்டினாள்.

“ரோட்னியா? மாசாமாசம் மொத வெள்ளிக்கிழம வந்துடுவாரு. எங்களுக்கு டோனட் வாங்கிட்டு வருவாரு. நல்ல மனுஷன். பாவம், இன்னும் பொண்டாட்டிய மறக்க முடியலன்னு நாங்க எங்களுக்குள்ள...”

ஆர்டித் நிறுத்தினார். சீட்டின்மேல் இருந்த கோணல் விரலை அப்போதுதான் அவர் பார்த்தார்.

“இன்னிக்கு என்ன கிழம?” என்றாள் ஜனெல்.

“வெள்ளி.” ஆர்டித் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “அவரு வேல பாக்குற மில்லுல சாப்பாட்டு நேரம் விட்டதும் வருவாரு.”

“அந்தக் கடுதாசிய எடுத்துடுங்கம்மா. உங்க கால்ல விழறேன்.”

“விழாதீங்க. தரை இன்னும் துடைக்கல.” குரல் கடுமையாக இருந்ததே ஒழிய, அவர் நாற்காலியை இழுத்து அவளருகில் அமர்ந்தார். “கோப்புல ஏறுன தாள நானா எடுக்க முடியாது. இன்னிக்கு உங்களுக்காக எடுத்தா நாளைக்கு அவருக்காகவும் எடுப்பேன். நீதிபதி உத்தரவு போட்டா உறையில வெச்சு முத்திர போடலாம்.”

“உத்தரவுக்கு என்ன செய்யணும்?”

“நான் வக்கீல் இல்ல. யோசன சொல்லக் கூடாது; சொன்னா என் வேல போயிடும்.” அவர் எழுந்து, காலித்தாள் இருந்த தட்டை அவள் பக்கமாக நகர்த்தினார். “ஆனா மனுவுக்கு மேல வழக்கு எண் எழுதணும்னு எல்லாருக்குமே தெரியும். என்ன வேணும், ஏன் வேணும், கீழ கையெழுத்து. நீதிபதி மாடியிலதான் இருக்காரு. அதுவும் எல்லாருக்கும் தெரியும்.”

ஜனெல் எழுதினாள். முதல் தாளில் வழக்கு எண்ணைத் தவறாக எழுதிவிட்டாள். இரண்டாவது தாளில் பாதி வந்தபோது வெளிக்கதவின் மணி ஒலித்தது.

“ஆர்டித்தம்மா! இன்னிக்கு ஆப்பிள் வெச்ச டோனட். போன தடவ சர்க்கர ஜாஸ்தின்னு திட்டுனீங்களே, அதுக்காகத் தேடிப் புடிச்சேன்.”

ஒன்பது ஆண்டுகள் அந்தக் குரலில் ஒரு கீறலும் விழச் செய்யவில்லை. ஜனெல் மூச்சை அடக்கிக்கொண்டாள். கண்ணாடியில் அகன்ற தோள்களும் முன்மடல் நீண்ட தொப்பியும் நிழலாக விழுந்தன. ஆர்டித் எழுந்து, நடுவிலிருந்த கதவைத் தனக்குப் பின்னால் மூடிக்கொண்டு வெளியே போனார்.

“என் வாயக் கட்டணும்னே வாங்கிட்டு வர்றீங்க. அங்க வெய்யுங்க.”

“உங்க வாயக் கட்ட இந்த மாநிலத்துல டோனட் இல்லம்மா. இந்தாங்க சீட்டு. வழக்கம் போலதான்.”

“கோப்பு வெளியே இருக்கு.”

டோனட் பெட்டி மேசைமேல் வைக்கப்படும் ஓசை கேட்டது.

“வெளியேன்னா?”

“வேற ஒருத்தர் பாக்குறாங்க.”

“என் கோப்பையா? யாரு?”

“நீங்க பாக்குறப்போ வேற யாராவது கேட்டா, உங்க பேரச் சொல்லுவேனா? சொல்ல மாட்டேன். அதே மரியாதைதான் அவங்களுக்கும்.”

அவன் சிரித்தான். “நியாயம்தான். நான் உக்காந்திருக்கேன். எனக்கு அவசரமில்ல.”

வெளிக்கதவை ஒட்டிய நீண்ட இருக்கை கிறீச்சிட்டது. இனி அந்த வழியாக வெளியேறும் எவரும் அவன் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆர்டித் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். எழுதி முடித்த மனுவை ஜனெலின் கையிலிருந்து வாங்கினார். ஒரு முறை படித்தார். “தேதி” என்று உதடுகளால் மட்டும் சொன்னார். அவள் தேதியை எழுதினாள். அறையின் மறுகோடியில் நீதிபதியின் அறைக்குப் போகும் உள்படிக்கட்டு இருந்தது. அவர் அதில் ஏறிப் போனார். ஜனெலுக்கும் ரோட்னிக்கும் இடையே கண்ணாடி மட்டுமே மிஞ்சியது.

அவன் சீட்டியடித்தான். பிறகு சீட்டி நின்றது. இருக்கை மறுபடி கிறீச்சிட்டது. நிழல் வளர்ந்து கண்ணாடியை நிறைத்தது. ஒரு விரல் கதவை மெதுவாகத் தட்டியது.

“உள்ள யாருங்க? முடிஞ்சுதுன்னா குடுத்துடுங்க, நானே அந்தம்மாகிட்ட சேத்துடறேன்.”

பதில் சொன்னால் குரல் காட்டிக்கொடுக்கும். சொல்லாவிட்டால் கதவைத் திறப்பான், பூட்டாத கதவு. ஜனெல் கோப்பின் ஒரு தாளைப் பிடித்து, சரசரவென்று ஒலி எழும்படி புரட்டினாள். சலிப்புற்ற வக்கீல் ஒருவர் செய்வதுபோல் இன்னொன்றையும் புரட்டினாள். புரட்டியது அவனுடைய சீட்டுகளைத்தான்.

“ஓ, மும்முரமா இருக்கீங்க. சரி, சரி, படிங்க.” நிழல் போகவில்லை. “சுவாரசியமா ஏதாவது இருந்தா எனக்கும் சொல்லுங்க.”

அவள் மூன்றாவது தாளைப் புரட்டினாள். வியர்வையில் அது விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கதவின் பித்தளைப் பிடி லேசாக அசைந்தது. கை வைத்துப் பார்க்கிறான் என்று அறிந்தாள். கடிதத்தை உருவி வாயில் போட்டு மென்றுவிடலாமா என்றுகூட எண்ணினாள்.

“ரோட்னி!” மேலிருந்து ஆர்டித்தின் குரல் இடிபோல் இறங்கியது. “அந்தக் கதவுல கைய வெச்சீங்கன்னா, இனிமே கோப்ப ஜன்னல் வழியாத்தான் பாப்பீங்க. போய் உக்காருங்க!”

“சும்மா சாஞ்சு நின்னேம்மா. அடேயப்பா, மாடியிலேர்ந்தே கண்ணு தெரியுதா உங்களுக்கு!”

நிழல் சுருங்கியது. ஆர்டித் மூச்சிரைக்க இறங்கிவந்து, கதவைத் தாழிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

“பாதி சாண்ட்விச்ல இருந்தாரு நீதிபதி. ‘இந்தப் பொண்ணு எங்க’ன்னாரு. ‘கீழ’ன்னேன். ‘அவன்?’னாரு. ‘அவனும் கீழ’ன்னேன். சாண்ட்விச்ச வெச்சுட்டுக் கையெழுத்துப் போட்டாரு.”

அவர் கடிதத்தையும் உரிமத்தின் நகலையும் முகவரியெழுதிய உறையையும் மனுவையும் கோப்பிலிருந்து பிரித்து, தடித்த உறைக்குள் இட்டு, நாடா ஒட்டி, அதன்மேல் குறுக்காகக் கையெழுத்திட்டு, இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். தீர்ப்பின் பிரதியைத் தனியாக எடுத்து, புடைப்பு முத்திரையை இரு கைகளாலும் அழுத்தி ஜனெலிடம் கொடுத்தார். அதன் பிறகு நீதிபதியின் உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு அவளை நேராகப் பார்த்தார்.

“இந்த உத்தரவு கோப்புலதான் இருக்கும். இன்னிக்குத் தேதியோட. நான் மறைக்க மாட்டேன்.”

“அத பாத்தா நான் இன்னிக்கு வந்தேன்னு அவனுக்குத் தெரிஞ்சிடுமே.”

“தெரியும். எங்கேர்ந்து வந்தீங்கன்னு தெரியாது.”

“உங்களுக்குத் தெரியுமே. கடுதாசிய நீங்கதானே பிரிச்சீங்க? அவன் கேட்டான்னா?”

ஆர்டித் உத்தரவை மேசைமேல் நேராக வைத்தார். டோனட்டின் வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

“முத்திர போட்ட விஷயத்த நான் வாய்விட்டுச் சொன்னா அது குற்றம் கண்ணு. இந்த நாற்காலியில உக்காந்து இதுவரைக்கும் ஒரு குற்றமும் பண்ணல. இந்த மாதிரி ஆளுக்காகவா பண்ணப் போறேன்?” அவர் உள்படிக்கட்டைக் காட்டினார். “மேல ஏறுங்க. நீதிபதி அறைக்குப் பின்னால ஜூரிங்க போற கதவு இருக்கு. நான் இத பதிவேட்டுல ஏத்தணும், நேரம் போடணும், பக்க எண் எழுதணும். எனக்கு எதையும் அவசரமா செஞ்சு பழக்கமில்ல. ஆனா முடிஞ்சதும் குடுத்துடுவேன். ஓடுங்க.”

ஜனெல் ஓடினாள். பின்கதவு சந்துக்குள் திறந்தது. தேவாலயத்தின் சுவரை ஒட்டி நடந்து, காரில் ஏறி, வண்டியைக் கிளப்பினாள்.

ஊரைவிட்டு வெளியேறும் சாலை நீதிமன்றத்தின் முன்பாகத்தான் போகிறது. வேறு சாலை இல்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாகக் கடந்தாள். வேகமாகப் போகும் வண்டியைத்தான் மனிதர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனாலும் கண் எழுத்தர் அலுவலகத்தின் ஜன்னலுக்குப் போய்விட்டது. அவன் காலை நீட்டி, தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் கோபமில்லை, சலிப்பில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவன் போன்ற முகம். ஆர்டித் அவனுக்கு முதுகு காட்டி நின்று, பெரிய பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

நாற்சந்தியில் ஜனெல் வண்டியை நிறுத்தினாள். இப்போது ஆர்டித் எழுதிக்கொண்டிருக்கிறார். இப்போது நேரத்தைப் போடுகிறார். இப்போது பக்க எண். இப்போது கோப்பு அவன் கைக்குப் போகிறது, மேலாக உள்ள தாளைப் படிக்கிறான், தேதியைப் பார்க்கிறான், உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்க்கிறான். எழுந்து வாசலுக்கு வருவான். எந்த வண்டி எந்தப் பக்கம் போனது என்று எதிரிலுள்ள முடிதிருத்தும் கடையில் விசாரிப்பான். நல்ல மனிதன் கேட்டால் எல்லாரும் சொல்வார்கள்.

பக்கத்து இருக்கையில் தீர்ப்பு கிடந்தது. அதில் அவளுடைய பெயர் சரியாக இருக்கிறதா என்று அவள் இன்னும் பார்க்கவில்லை. பின்னோக்குக் கண்ணாடியில் ஒரு சரக்கு வண்டி தோன்றியது, நெருங்கியது, பண்ணைப் பாதை ஒன்றில் திரும்பி மறைந்தது. அது யாருடையதோ. வீடு மேற்கே இருந்தது; அந்தத் திசையை யாரும் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது. ஜனெல் கிழக்கே திரும்பி, மாவட்டத்தின் எல்லைப் பலகையைக் கடந்து, அடுத்த மாவட்டத்தின் பலகையையும் கடந்து, ஓட்டிக்கொண்டே இருந்தாள்.